எரித்துப் பார்க்கச் சொன்னவருக்கு

அன்புள்ள பெயிண்டர் பாய்க்கு,

பட்டறையிலேயே நின்று உங்களுக்கு நன்றி சொல்ல மூன்று முறை முயன்றேன். முதல் முறை, டீக்கு ஆள் அனுப்பிப் பேச்சை மாற்றினீர்கள். இரண்டாம் முறை, ஒரு கதவுக்குப் பட்டி பார்த்தபடியே, "இதெல்லாம் ஒரு விஷயமா தம்பி" என்றீர்கள். மூன்றாம் முறை நான் நீட்டிய கவரைப் பிரிக்காமலே என் சட்டைப் பையில் திருப்பிச் செருகினீர்கள். ஆகவே எழுதுகிறேன். ஊர் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக் கறுப்பு வண்டி உங்களுக்கு நினைவிருக்கும். 2011இல் அப்பா ஓய்வு பெற்ற பணத்தில் வாங்கியது. அன்று முதல், காப்பி குடிக்கும் முன் வண்டியைத் துடைப்பது அவருடைய வழக்கம். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி ஒன்று, அரை வாளி தண்ணீர். கோவையில் எங்கள் பகுதியில் குடிப்பதற்குத்தான் சிறுவாணி. புழங்குவதற்கு ஆழ்குழாயின் உப்புத் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் கூரையிலிருந்து டிக்கி வரை ஒரு நாள் விடாமல் துடைத்தார். நிழலில் பார்த்தால் வண்டி பளபளக்கும். வெயிலுக்கு வந்தால் மேலெல்லாம் சிலந்தி வலை பின்னியதுபோல் கோடு.

இரண்டு வருடங்களுக்கு முன் வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. ஓரிடத்தில் பணம் கொடுத்து ரப்பிங் பாலிஷ் போட்டேன். வண்டி கண்ணாடியாகத் திரும்பி வந்தது. மூன்றாவது முறை கழுவியபோது பழைய கோடுகள் அப்படியே எழுந்து வந்தன. கூடவே புதிதாக, பானட் முழுவதும் மெஷின் சுற்றிய தடம் புகை படிந்ததுபோல் நெளிந்தது. அதன்பின் யாரிடமும் வண்டியைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த மனநிலையில்தான் உங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை, இன்னொரு பட்டறையைக் குறை சொல்லவும் இல்லை. டார்ச்சை எடுத்து பானட் மேல் அடித்தீர்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு மின்னியது. "வட்டமா துடைச்சதாலதான் இப்படியா பாய்?" என்றேன்.

"வட்டமே கிடையாது தம்பி. கோடு நாலா பக்கமும் ஓடுது. வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடற கோடு மட்டும்தான் மின்னும். அதனாலதான் கண்ணுக்கு வட்டமா தெரியுது. வீட்ல எவர்சில்வர் தட்டை லைட்டுக்குக் கீழே பிடிச்சுப் பாரு." டார்ச்சை நகர்த்தினீர்கள். வட்டமும் கூடவே நகர்ந்தது. அன்று இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது.

பிறகு உங்கள் மகன் வாங்கித் தந்த மைக்ரான் மீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொரு பாகத்திலும் வைத்தீர்கள். பானட்டில் 112. முன்கதவில் 108. கம்பெனியில் அடித்த பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து ஒரு தாள் கனம்தான் என்றீர்கள். அதில் மேலே இருக்கிற நிறமற்ற கிளியர் நாற்பது, ஐம்பது மைக்ரான். தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன். பின்கதவில் வைத்தபோது 230 காட்டியது. "இது மறுபடி அடிச்சது" என்றீர்கள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் கேட்டேன். லாரி உரசியதை அம்மாவுக்குத் தெரியாமல் சரி செய்த கதையை அன்றுதான் சொன்னார். அடித்த பட்டறை உங்களுடையது. பத்து வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன். நிறத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்ததில்லை. அதற்கான நன்றியும் இந்த மடலில் சேரட்டும்.

எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். ஒரு தொகை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன். நீங்கள் என்னையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதை நீயே பண்ணலாமே" என்றீர்கள். சம்பாதித்துத் தந்திருக்க வேண்டிய மெஷினை என் கையில் கொடுத்தவர் நீங்கள். அந்த நாளின் கூலியை இழந்து எனக்கு வாத்தியார் ஆனீர்கள்.

எனக்கோ எல்லாவற்றுக்கும் பயம். மெஷினைப் பிடிக்கப் பயம், சுவிட்சைத் தொடப் பயம், அப்பாவின் வண்டி என்பதால் இன்னும் பயம். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தீர்கள். பட்டறைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய சிவப்பு பானட்டை இரண்டு ஸ்டாண்டில் கிடத்தினீர்கள். ரோட்டரி மெஷினில் கம்பளி பேடை மாட்டி, காம்பவுண்ட் தடவி, என் கையில் கொடுத்தீர்கள். "அந்த மூலையில வச்சு அழுத்து. எரிச்சுப் பாரு."

கெடுக்கச் சொல்கிறீர்களே என்று தயங்கினேன். "கெடுக்கத்தான் சொல்றேன்" என்றீர்கள்.

வைத்தேன். முதலில் சூடான வாசம் வந்தது. வெள்ளையாக இருந்த பேடில் சிவப்பு ஏறியது. கிளியர் போய்விட்டது, இப்போது தின்பது நிறத்தை என்பதற்கு அதுதான் அடையாளம் என்று காதருகே சொன்னீர்கள். அடுத்து சாம்பல் நிறப் பிரைமர். அதற்கும் கீழே மினுங்கிய தகடு. எல்லாம் இருபது எண்ணுவதற்குள் முடிந்தது. மெஷினை நிறுத்திவிட்டு அந்த நான்கு நிற வளையத்தைப் பார்த்தபடி நின்றேன். மரத்தை வெட்டினால் வளையம் தெரியுமே, அப்படி ஒரு வண்டியின் தோல் முழுக்க அந்த மூலையில் விரிந்து கிடந்தது.

அதே மெஷினை, அதே பேடை, பானட்டின் நடுவில் சமதளமாக வைத்து நகர்த்தச் சொன்னீர்கள். இரண்டு நிமிடம் ஓட்டினேன். ஒன்றும் ஆகவில்லை, பளபளப்புதான் கூடியது. புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

அப்போது சொன்னீர்கள்: "எல்லா இடத்துலயும் பயந்தா கை நடுங்கும். எங்கயும் பயமில்லைன்னா பெயிண்ட் போயிடும். பயத்தை எங்க வைக்கணுமோ அங்க மட்டும் வை."

எங்கே வைக்க வேண்டும் என்பதையும் வண்டியைச் சுற்றி நடந்து விரலால் தொட்டுக் காட்டினீர்கள். பானட்டின் ஓரம், கதவின் விளிம்பு, பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடு. இங்கெல்லாம் பெயிண்ட் மெலிசு. பேடின் மொத்த அழுத்தமும் ஒரு நூல் அகலத்தில் வந்து விழும். பிளாஸ்டிக் பம்பர்: தகடுபோல் சூட்டைப் பரப்பாது, ஓரிடத்திலேயே சேர்த்து வைக்கும். மறுபடி அடித்த கதவு: மீட்டரில் எண் பெரிது என்பதால் மேலே கிளியர் கனமாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது, உள்ளே பட்டியாகவும் இருக்கலாம். இந்த ஐந்து இடங்களைச் சொல்லிவிட்டு, "மத்த இடத்துல தைரியமா ஓட்டு" என்றீர்கள். நாற்பத்தொரு வயதில் பயத்துக்கு ஒருவர் வரைபடம் போட்டுத் தந்தது எனக்கு அதுதான் முதல் முறை.

அடுத்த நாள் உங்கள் மகனின் டி.ஏ. (டூயல் ஆக்ஷன்) மெஷினைக் கொடுத்து அனுப்பினீர்கள். ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது. இது சுற்றிக்கொண்டே பதினைந்து மில்லிமீட்டர் வட்டத்தில் அசையவும் செய்யும். அதனால் சூடு ஓரிடத்தில் சேராது. ஓவராக அழுத்தினால் சுழற்சி நின்றுபோய் வெறும் அதிர்வு மட்டும் மிஞ்சும். பேட் மாட்டும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுத் தந்தீர்களே, அந்தக் கோடுதான் எனக்கு நாள் முழுக்கக் குருவாக இருந்தது. கோடு சுற்றினால் வேலை நடக்கிறது. கோடு நின்றால் நான் அழுத்துகிறேன், இல்லை பேடைச் சாய்க்கிறேன்.

அன்று காலை நிழலில் வண்டியை நிறுத்தி இரண்டு வாளித் தண்ணீரில் கழுவினேன். ஒன்றில் ஷாம்பு, இன்னொன்று மண் பிடித்த துணியை அலச. காய்ந்தபின், நீங்கள் சொன்னபடி கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவினேன். வெறும் விரலுக்கு வழவழப்பாக இருந்த பானட், கவர் வழியே தொட்டால் உப்புத்தாள்போல் நெருடியது. அத்தனையும் பெயிண்டில் ஒட்டிக்கிடந்த இரும்புத் துகள், தார், உப்புக் கறை. வண்டிக்கென்றே விற்கும் களிமண் கட்டியை ஷாம்புத் தண்ணீர் தெளித்து வழுக்கவிட்டுத் தேய்த்தேன். சாம்பல் நிறத்தில் அழுக்கு ஏற ஏற மடித்து மடித்துப் புதுப் பக்கம் எடுத்தேன். கட்டி கீழே விழுந்தால் எடுக்காதே, எறிந்துவிடு என்றீர்கள். ஒரு முறை விழுந்தது. எறிந்துவிட்டேன்.

பீடிங் ரப்பர், விளக்கு, கைப்பிடி, விளிம்புகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். பயம் வைக்கும் இடமெல்லாம் நீல நிறத்தில் கண்முன் எழுந்து நின்றது. பானட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றை டேப்பால் கட்டி, அங்கே மட்டும் முதலில் முயன்றேன். "மெலிசுல ஆரம்பி. அது போதலைன்னா அடுத்ததுக்குப் போ. முரட்டுல ஆரம்பிச்சா திரும்பி வர முடியாது" என்பது உங்கள் வாக்கு. மெத்தென்ற ஃபோம் பேட், நைஸ் பாலிஷ், பட்டாணி அளவில் நான்கு சொட்டு. மெதுவான வேகத்தில் பரப்பி, பிறகு வேகத்தைக் கூட்டி, கையை மட்டும் மெதுவாக நகர்த்தினேன். குறுக்கே இரண்டு முறை, நெடுக்கே இரண்டு முறை, ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின் பாதியை மூடியபடி. துடைத்து டார்ச் அடித்தேன். பாதிக்கு மேல் கோடு போயிருந்தது. கொஞ்சம் கடினமான பேடுக்கு மாறினேன். அதே சதுரம், அதே நான்கு முறை. இந்த முறை டார்ச்சின் வெளிச்சம் கறுப்புக்குள் ஒற்றைப் புள்ளியாய் இறங்கி நின்றது. சுற்றிலும் வலை இல்லை.

டேப்பைப் பிரித்தபோது சதுரத்துக்கு உள்ளே ஒரு கறுப்பு, வெளியே ஒரு கறுப்பு. உள்ளே இருந்தது 2011ஆம் ஆண்டு ஷோரூமில் பார்த்த கறுப்பு.

ஆனால் மகிழ்வதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லியிருந்தீர்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைக்க வேண்டும். பாலிஷில் எண்ணெய் இருக்கிறது. அது கோட்டுக்குள் போய் நிரம்பிக்கொண்டு கோடே இல்லாததுபோல் காட்டும். நாலு தடவை கழுவினால் வெளியே வந்துவிடும். இரண்டு வருடங்களுக்கு முன் என் வண்டிக்கு நேர்ந்தது அதுதான் என்று அப்போது புரிந்தது. "எண்ணெயைத் துடைச்சிட்டுப் பாரு. அப்புறமும் இருந்தா அதுதான் உன் வேலை" என்றீர்கள். துடைத்துப் பார்த்தேன். இருந்தது. யாரும் பாராட்டாத அந்த நொடியில் எனக்குக் கிடைத்த நிம்மதியை இதற்கு முன் எந்த வேலையிலும் நான் அடைந்ததில்லை.

ஒரு சதுரத்துக்கு ஒருமுறை பேடை பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, புறங்கையால் சூடு பார்த்து, அடுத்த சதுரம். பானட்டுக்கும் கூரைக்குமே பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் கதவுகள். ஓட்டுநர் கதவில், கைப்பிடிக்குக் கீழே, சாவி உரசி உரசி விழுந்த ஒரு கோடு. எத்தனை முறை ஓட்டியும் அது போகவில்லை. உங்களுக்கு போன் செய்தேன். "நகம் மாட்டுதா?" என்று கேட்டீர்கள். மாட்டியது. "அப்ப விட்டுடு. அந்த ஒரு கோட்டுக்காக சுத்தி இருக்கற கிளியரை எல்லாம் தின்னுடாத. ஓரம் மழுங்கியிருந்தா போதும், கண்ணை உறுத்தாது. பாலிஷ்ங்கறது போடறது இல்ல தம்பி, எடுக்கறது. இன்னும் பத்து வருஷம் வெயில்ல நிக்கணும்ல, அதுக்கு மிச்சம் வை."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்த மடலை எழுதலாம். பளபளப்பு என்பது மேலே பூசுவது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். உண்மையில் கோட்டின் அடி ஆழத்துக்குச் சுற்றியுள்ள பரப்பை இறக்குகிறோம். ஒவ்வொரு முறையும் ஓரிரு மைக்ரான் போகிறது. அது திரும்ப வராது. வெயிலைத் தாங்கும் குடையே அந்தக் கிளியர்தான். எவ்வளவு எடுக்க முடியும் என்பது மெஷினுக்கே தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது உங்களைப்போல் ஆயுளைக் கொடுத்தவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் பத்து வயதில் பட்டறைக்கு வந்த காலத்தைப் பற்றி டீ குடிக்கும்போது சொன்னீர்கள். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் டூக்கோ பெயிண்ட் அடித்த காலம். அந்தப் பெயரின் கதையைப் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1923இல் கார்களுக்குக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரின் பெயர் டூக்கோ. அதற்கு முன் வார்னிஷ் பூசிய கார்கள் காய வாரக்கணக்கில் ஆகும். டூக்கோ மணிக்கணக்கில் காய்ந்தது. கார் தொழிற்சாலைகளின் வேகத்தையே மாற்றிய பெயிண்ட். ஆனால் அது தானாகப் பளபளக்காது, தேய்த்தால்தான் பளபளக்கும். அதை வாட்டர் பேப்பரிலும் காம்பவுண்டிலும் கையாலேயே தேய்த்த பையன்களில் ஒருவர் நீங்கள். பெயிண்ட் மாறிவிட்டது. 'ரப்பிங்' என்ற சொல் மட்டும் நம் ஊரில் நின்றுவிட்டது. உங்கள் விரல் நுனிகளில் ரேகை மங்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் இரண்டு நாளில் கற்றது அந்த விரல்கள் அறுபது ஆண்டுக்கு அருகில் தேடி வைத்தது.

கடைசியில் உங்கள் டப்பாவிலிருந்த கார்னூபா மெழுகைப் பூசினேன். வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. ஓலை காயாமல் காக்கும் அந்தப் பூச்சு, கோவையில் ஒரு வண்டிக்குக் கவசமானது.

இப்போது அப்பாவைப் பற்றி. இரண்டு நாளும் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை முடிந்ததும் எழுந்து வந்து பானட்டில் தன் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கோடெல்லாம் நான் துடைச்சு விழுந்ததா?"

என்னிடம் சொந்தமாகப் பதில் இல்லை. இதே கேள்வியை நான் உங்களிடம் கேட்டபோது நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். "துடைச்சதாலதான் கோடு. துடைச்சதாலதான் பெயிண்டும் இருக்கு. காக்கா எச்சத்தையும் புங்கமரத்துப் பிசினையும் வெயில்ல விட்டிருந்தா எப்பவோ தின்னிருக்கும்." அப்பா தலையாட்டினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்து பார்க்கிறேன்; வாசலில் இரண்டு வாளி. மஞ்சள் துணி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, சமையலறைக்கு என்று அம்மா எடுத்துக்கொண்டாராம். அப்பா குழாயில் தண்ணீரைத் தெளித்துத் தூசியை முதலில் இறக்கிக்கொண்டிருந்தார். அவர் மனம் நோகாமல் அவருக்கு ஒரு புது வழக்கத்தைத் தந்தவர் நீங்கள்.

பாய், இதை ஊரறிய எழுதக் காரணம் சொல்கிறேன் என்றேனே. இரண்டு காரணம்.

முதலாவது, வண்டி வைத்திருப்பவர்களுக்கு. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆயுத பூஜைக்கும் ரப்பிங் பாலிஷ் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கிளியர் குறைகிறது. சரியாகக் கழுவக் கற்றுக்கொண்டால் பாலிஷுக்கான தேவையே அரிதாகிவிடும். பாலிஷ் தொழிலில் இருப்பவர் நீங்கள். இதை எனக்குச் சொன்னவரும் நீங்கள்தான்.

இரண்டாவது, உங்களுக்காக. நான்கு படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறீர்கள். நான் பாலிஷ் போடும்போதுகூட மாஸ்க் இல்லாமல் தொடவிடவில்லை. நீங்களோ எத்தனையோ ஆண்டுகள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஸ்பிரே அடித்ததாகச் சொன்னீர்கள். இரண்டு பாகமாக வரும் இன்றைய 2கே கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். கைக்குட்டை அதைத் தடுக்காது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடிதான் ஸ்பிரே அடிப்பவருக்குப் பாதுகாப்பு. பெயிண்ட் அடிக்க வண்டியைக் கொடுப்பவர்கள் நிறம் பொருந்துமா, விலை குறையுமா என்று கேட்கிறோம். அடிக்கிறவர் முகத்தில் என்ன மாட்டியிருக்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இனி நான் கேட்பேன். அதற்காகக் கூடுதலாக ஆகும் பணத்தை மனதாரக் கொடுப்பேன். இதைப் படிக்கிறவர்களும் கேட்க வேண்டும் என்பதே நான் உங்களுக்குச் செய்ய விரும்பும் கைம்மாறு. நீங்கள் திருப்பித் தந்த கவரில் இருந்த பணத்துக்கு உங்கள் பட்டறைப் பையன்களுக்காக அப்படி ஒரு முகமூடி சொல்லியிருக்கிறேன். அதை என் பையில் திருப்பிச் செருக முடியாது.

டி.ஏ. மெஷினைத் துடைத்து, பேடுகளை அலசிக் காயவைத்து, இந்த வாரம் கொண்டுவந்து தருகிறேன். தட்டின் விளிம்பிலிருந்த மார்க்கர் கோடு கொஞ்சம் அழிந்திருந்தது. மேலே புதிதாக வரைந்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய சிவப்பு பானட்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் எரித்தது ஒரு மூலையைத்தான். பயத்தோடு உங்கள் வாசலுக்கு வரப்போகிறவர்களுக்கு இன்னும் மூன்று மூலை இருக்கிறது.

அன்புடன்,
கறுப்பு வண்டிக்காரத் தம்பி